பிஷப் மோன்ராட் பற்றிக் கேளுங்கள்

மோன்ராட், 19-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் போதகராகவும் பிஷப்பாகவும் பிரதமராகவும் இருந்தவர். அவரைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: டென்மார்க்கின் 1849 ஜூன் அரசியல் சட்டம் வேறு, 1863 நவம்பர் அரசியல் சட்டம் வேறு. முதலாவது, மோன்ராட் வரைந்த சட்டம். இரண்டாவது, போரை இழுத்துவந்த சட்டம். இதைக் குழப்பிக்கொண்டால் இந்த மனிதர் பிடிபடவே மாட்டார்.

நெல்லைச்செல்வி: அண்ணா, மோன்ராட் திருச்சபை வரலாற்று ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவரா?

இல்லம்மா. இறையியல் படித்தவர், செமிட்டிக் மொழிகளில் ஊறியவர். அந்தத் தலைமுறையில் திருச்சபை வரலாற்றுக்குப் பெயர்பெற்றவர் ஃபிரெடெரிக் ஹாமரிக்.

கடலோரன்: ஒரு கிராமத்துப் போதகர் எப்படி நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதினார்?

நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது. மோன்ராட் பிறந்தது 1811-ல், கோபன்ஹேகனில். அப்போது டென்மார்க்கில் மன்னர் வைத்ததுதான் சட்டம். இவர் இளவயதிலேயே தாராளவாதிகளோடு சேர்ந்து பத்திரிகைகளில் எழுதத் தொடங்கிவிட்டார். 1846-ல் லோலன் தீவின் வெஸ்டர் உல்ஸ்லெவில் போதகரானார். இரண்டே வருடத்தில், 1848 மார்ச்சில், கோபன்ஹேகன் மக்கள் அரண்மனைக்கு ஊர்வலம் போனார்கள். மன்னர் இறங்கிவந்தார். புது அமைச்சரவையில் 36 வயது மோன்ராட் சமயம், கல்வி இரண்டுக்கும் அமைச்சர். சட்ட வரைவு அவர் கைக்கு வந்தது. பெல்ஜியத்தின் 1831 சட்டத்தையும் நார்வேயின் 1814 சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். மொழியைச் செப்பனிட்டவர் சக அமைச்சர் ஓர்லா லேமன். 1849 ஜூன் 5-ல் மன்னர் கையெழுத்திட்டார்.

அதில் ஒரு வரியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். 'சுவிசேஷ லுத்தரன் திருச்சபையே டேனிஷ் மக்கள் திருச்சபை. அந்த வகையில் அரசு அதை ஆதரிக்கும்.' அந்த 'அந்த வகையில்' என்ற சொல்லில்தான் எனக்கு உயிர். இந்தச் சபையின் போதனை உண்மை என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. பெரும்பாலான மக்கள் அதில் இருக்கிறார்கள், அதனால் அரசு ஆதரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு போதகரே இப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். வேறு மதத்தவருக்கும் வழிபாட்டு உரிமை அதே சட்டத்தில் வந்தது. 1953-ல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அந்த வரி அப்படியே நின்றது.

இன்னொன்று. மக்கள் திருச்சபையின் நிர்வாக அமைப்பை ஒரு தனிச் சட்டம் வகுக்கும் என்றும் 1849-ல் வாக்குறுதி தந்தார்கள். அந்தச் சட்டம் இன்றுவரை வரவே இல்லை. சபைக்குப் பேச ஒரு பொது மன்றம் கிடையாது. நாடாளுமன்றமும் அமைச்சரும்தான் எல்லாம்.

தமிழ்மாறன்: எல்லா மக்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததா?

இல்லை. 30 வயது நிரம்பிய, சொந்தக் குடித்தனம் நடத்தும் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு 1915-ல்தான் கிடைத்தது.

மீரா_க: குருண்ட்விக் இதை ஆதரித்தாரா?

குருண்ட்விக், அந்தக் காலத்து டேனிஷ் போதகர், பாடலாசிரியர். அரசியல் நிர்ணய சபையில் இருந்தார், நிறையப் பேசினார். கடைசி வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. 1825-ல் இவர் கடுமையாகத் தாக்கி எழுதி, அவதூறு வழக்கில் மாட்டிக்கொண்டாரே, அந்த இறையியல் பேராசிரியர் கிளாசனும் அதே சபையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பொறையாறு பாலு: சார், தரங்கம்பாடியை விற்றது இவர்தானே?

இல்லை. 1845-ல், எட்டாம் கிறிஸ்டியன் மன்னர் காலத்தில், பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். மோன்ராட் அமைச்சரானது 1848-ல்.

வேலன்: 1849 சட்டத்தால்தான் ஜெர்மானியரோடு போர் வந்ததாமே?

முதல் பத்தியைப் படியுங்கள். 1864 போருக்குக் காரணமானது நவம்பர் சட்டம்.

அரசன்_64: நாட்டைத் தொலைத்தவரை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

தூக்கிப் பிடிக்கவில்லை, தம்பி. நவம்பர் சட்டம், டென்மார்க்குக்குத் தெற்கே டேனிஷ் மன்னர் ஆண்ட ஸ்லெஸ்விக் பகுதியை டென்மார்க்கோடு இறுக்கிக் கட்டியது. அது 1852 லண்டன் உடன்படிக்கைக்கு எதிரானது. அதைக் கொண்டுவந்தது அப்போதைய பிரதமர் ஹாலின் அரசாங்கம். அதில் மோன்ராடும் அமைச்சர், அந்தப் பொறுப்பு அவருக்கும் உண்டு. ஹால் விலகியதும் வேறு யாரும் முன்வராத நேரத்தில், 1863 டிசம்பர் 31-ல், இவர் பிரதமர் பதவியை ஏற்றார். ஒரே மாதத்தில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் உள்ளே வந்துவிட்டன.

அரசன்_64: ஆனால் டூப்பெலில் படையைப் பலி கொடுத்தது அவர்தான்.

ஆமாம். டூப்பெல், ஸ்லெஸ்விக்கில் இருந்த டேனிஷ் அரண். அங்கிருந்து பின்வாங்க வேண்டும் என்று தளபதிகள் சொன்னார்கள். சமாதானம் பேச லண்டனில் கூடவிருந்த மாநாட்டுக்காக நிற்கச் சொன்னது அவருடைய அரசாங்கம். ஏப்ரல் 18 காலை பிரஷ்யப் படை ஏறி வந்தது. மாண்டவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ 1,700 டேனிஷ்காரர்கள். இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். மாநாட்டில் எல்லையை நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்று பிரிட்டன் சொன்னதையும் டென்மார்க் மறுத்தது. ஜூலையில் மன்னர் அவரை விலக்கினார். அக்டோபரில் ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் என்ற மூன்று பகுதிகளும் டென்மார்க்கின் கையைவிட்டுப் போயின.

அரசன்_64: மனநோயாளி என்று சொல்கிறார்களே? தொலைக்காட்சித் தொடரில்கூட அப்படித்தான் காட்டினார்கள்.

உற்சாகமும் சோர்வும் அவரிடம் மாறி மாறி வந்தது உண்மை. ஆனால் 1887-ல் இறந்தவருக்கு இன்று நாற்காலியில் உட்கார்ந்து நோய்ப் பெயர் சூட்டக்கூடாது. அதைவிட, நோயின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்ற எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள்: நவம்பர் சட்டத்துக்கு வாக்களித்தவர்கள், தெருவில் போர் வேண்டும் என்று கூவிய கூட்டம், கையெழுத்திட்ட மன்னர். தொடரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுகன்: ஜூன் சட்டத்தை எழுதியதற்காகத்தான் பதவி போனதா?

இல்லை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

வான்மதி: அப்புறம் அவர் என்ன ஆனார்?

1865 கடைசியில் குடும்பத்தோடு கப்பலேறி நியூசிலாந்து போனார். பால்மர்ஸ்டன் நார்த் பக்கத்தில் காரெரே என்ற இடத்தில் காடு வெட்டி, நிலம் திருத்தி, மாடு வளர்த்தார்கள். பிரதமராக இருந்தவர், 54 வயதில் கோடாலி பிடித்தார். 1868-69-ல் மாவோரித் தலைவர் டிட்டோகோவாருவின் போர் நெருங்கியதும் ஊர் திரும்பிவிட்டார். மகன்கள் விக்கோவும் யோஹான்னஸும் அங்கேயே தங்கினார்கள். அவர் 1871-ல் மறுபடி லோலன்-ஃபால்ஸ்டர் பிஷப். 1882-ல், எழுபது வயதில், மறுபடி நாடாளுமன்றம்.

கடலோரன்: அவர் விட்டுப்போனது ஏதாவது அங்கே மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. கிளம்பும்போது தன் அச்சுச் சித்திரத் தொகுப்பை அந்த நாட்டுக்கே கொடுத்துவிட்டார். சுமார் 600 படங்கள், ரெம்ப்ராண்டும் ட்யூரரும் அதில் உண்டு. இப்போது வெலிங்டன் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் ஓவியத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள்: பிஷப் மோன்ராட் கொடை, 1869.