லெஃப்ட் டேக்கிளைப் பற்றி வாயைத் திறக்கும் முன்

தம்பி, 2025 ஜனவரி நடுவில் இதை எழுதுகிறேன். கான்சஸின் ஓவர்லாந்து பார்க்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். அலுவலகத்தில் காலை காபியின்போது எல்லாரும், அமெரிக்க ஃபுட்பாலின் நாக்-அவுட் சுற்று வருகிறதென்று, "பிளேஆஃபில் லெஃப்ட் டேக்கிளாக யாரை இறக்குவது" என்று சண்டை போடுகிறார்கள், ஒன்றுமே புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை வீடு, மகனுக்குப் பள்ளிக்கூடம், பழைய கார் வாங்கலாமா என்று வேறு. வீடும் பள்ளியும் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள், பக்கத்து ஊரான ஷானியில் இருக்கும் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் போதும். கார் வாங்கிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. லெஃப்ட் டேக்கிள் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் முதன்முதலில் எனக்கு மானம் போனது அந்த வார்த்தையால்தான்.

2013 ஜனவரியில் தனியாக வந்தேன். கணவரும் மகளும் பள்ளி விடுமுறைக்குப் பிறகுதான் வந்தார்கள். அலுவலகம் ஒன்றரை மைல்தானே, நடந்துவிடலாம் என்று நினைத்தேன். நடைபாதை பாதி வழியில் காணாமல் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிப்ரவரி கடைசியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பனிப்புயல். காலில் சென்னையில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. இந்த மாதம் முதல் வாரம் பெய்ததே, அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, உங்களிடம் பூட்ஸாவது இருக்கிறது.

ஒரு நாள் எங்கள் பிரிவில் வேலை செய்த ஓர் அம்மா சாலையோரம் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அப்புறம் தினமும் அவர் காரில்தான். காரில் வானொலி, வானொலியில் எந்நேரமும் கான்சஸ் சிட்டியின் ஃபுட்பால் அணியான சீஃப்ஸ். முந்தைய பருவத்தில் 16 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. அந்தக் கேவலத்துக்குப் பரிசாக அடுத்த டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பிரித்தெடுக்கும்போது, முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஏப்ரலில் எரிக் ஃபிஷர் என்ற பையனை எடுத்தார்கள். சென்ட்ரல் மிச்சிகனில் படித்தவர், டேக்கிள். மறுநாள் காலை அந்த அம்மா, "முதல் இடத்தை ஒரு டேக்கிளுக்குச் செலவழித்துவிட்டார்களே, நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரில் பார்த்த கால்பந்தை மனதில் வைத்துக்கொண்டு, "நல்லதுதான், எதிர் அணிக்காரர்களைப் பிடித்துக் கீழே தள்ளுவார்" என்றேன்.

அவர் சிக்னலில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டேக்கிள் என்று பெயர்தானே தவிர, அந்த ஆள் யாரையும் டேக்கிள் செய்வதில்லை. பந்தைத் தொடுவதுகூட அபூர்வம். நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள், ஆக ஐந்து பேர் வேலி மாதிரி நிற்பார்கள். பின்னால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக். வலதுகைக்காரர் எறியத் திரும்பும்போது முதுகு இடது ஓரத்தைப் பார்த்து இருக்கும். அங்கிருந்து பாய்ந்து வருகிறவன் அவர் கண்ணில் படமாட்டான். அவனை மூன்று விநாடி தடுத்து நிறுத்துவதுதான் லெஃப்ட் டேக்கிளின் வேலை. ஒழுங்காகச் செய்தால் அவர் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

நம்பர் ஒன் என்று எடுத்த ஃபிஷரையே முதல் வருடம் இடது பக்கம் விடவில்லை. அங்கே பிராண்டன் ஆல்பர்ட் இருந்தார், பையனை வலது பக்கம் நிறுத்திவிட்டார்கள். தப்பான பக்கத்தில் தட்டுத்தடுமாறி நின்ற அந்தப் பையனைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பாசம் வந்தது.

அதனால் முதல் எச்சரிக்கை: தெரிந்த மாதிரி நடிக்காதீர்கள். போனில் நாலு வரி படித்துவிட்டுக் கருத்துச் சொன்னால் இவர்கள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் சிலர் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் 15ஆம் எண் ஜெர்சியை மாட்டிக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள். அவர் மூன்று சூப்பர் பவுல், அதாவது இறுதிப்போட்டி, ஜெயித்த பிறகு வந்து இறங்கிவிட்டு, பிறந்ததிலிருந்தே சீஃப்ஸ் ரசிகர் போலப் பேசுவார்கள். எங்களைப் போல அந்த இரண்டு வெற்றிப் பருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். (அது நான் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் பார்த்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.)

"காலால் ஆடாத ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர்" என்றும் கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி அதைக் கேட்கிறார்கள். "நாங்கள் கிரிக்கெட் ஆட்கள்" என்று மூலையில் ஒதுங்கி, பத்து வருடமாக மதியச் சாப்பாட்டைத் தங்களுக்குள்ளேயே சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். பிறகு பதவி உயர்வு வரவில்லை என்று என்னிடம் வந்து புலம்புவார்கள். இன்னொன்று, "கான்சஸ் அணி" என்று சொல்லிவிடாதீர்கள். சீஃப்ஸின் ஆரோஹெட் மைதானம் பக்கத்து மாநிலமான மிசௌரியில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பந்தயம் கட்டாதீர்கள். கான்சஸில் 2022 செப்டம்பரிலிருந்து சட்டப்படி போனிலேயே கட்டலாம். மிசௌரியில் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் மயிரிழையில் ஜெயித்தும் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்திருக்கவில்லை, அதனால் அங்கிருந்து எல்லை தாண்டி வந்து காரில் உட்கார்ந்தபடியே கட்டினார்கள். எனக்குத் தெரிந்த நம் ஊர்ப் பையன் ஒருவன் ஊருக்குப் போக வைத்திருந்த டிக்கெட் காசை அப்படித்தான் தொலைத்தான். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னான்.

பிளேஆஃப் நாளில் யாரையும் விருந்துக்கும் அழைக்காதீர்கள். 2014 ஜனவரி 4, சனிக்கிழமை. காரில் ஏற்றிக்கொண்ட அந்த அம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட வரச்சொல்லி பிரியாணி செய்து வைத்திருந்தேன். அன்று இண்டியானாபொலிஸில் ஆட்டம். சீஃப்ஸ் 38-10 என்று முன்னால் இருந்து, கடைசியில் 45-44 என்று தோற்றார்கள். எட்டு மணிக்கு அந்த அம்மா மட்டும் வந்தார். சாவு வீட்டிலிருந்து வருகிற முகம். ஒன்றும் பேசாமல் இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தத் துக்கம் எனக்கும் வர ஏழு வருடம் ஆயிற்று. 2021 சூப்பர் பவுலுக்கு இரண்டு வாரம் முன்பு, பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் ஃபிஷருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. வலது பக்கம் நின்ற ரெமர்ஸை இடது பக்கம் நகர்த்தினார்கள். டாம்பா பே ஆட்கள் மஹோம்ஸைத் துரத்து துரத்து என்று துரத்தி 31-9 என்று முடித்தார்கள். அன்று இரவு எங்கள் வீட்டிலும் யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் அலுவலகச் சண்டைக்கு வருகிறேன். இந்த 2024 பருவத்தில் புதுப்பையன் சுவாமடாயா லெஃப்ட் டேக்கிளாகத் தொடங்கினார். இரண்டாவது ஆட்டத்திலேயே சின்சினாட்டியின் ஹெண்ட்ரிக்சன் அவரைப் படுத்திய பாட்டில் வெளியே எடுத்துவிட்டார்கள். வான்யா மாரிஸ் வந்தார், அவரும் சரிப்படவில்லை. நவம்பரில் ஹம்ஃப்ரீஸை வாங்கினார்கள். முட்டி அறுவைக்குப் பிறகு வந்தவர், முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் லெஃப்ட் கார்டான ஜோ தூனியை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். டிசம்பர் 15 தொடங்கி பதினோரு நாளில் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. கார்ட் இடத்தில், டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்ட கலியண்டோ நிற்கிறார். ஹம்ஃப்ரீஸ் தேறிவிட்டார், தூனியைப் பழைய இடத்துக்கே அனுப்பு என்பது ஒரு கட்சி. ஒரு ஓட்டையை அடைக்க இரண்டு ஓட்டை போட்டுவிட்டோம் என்பது அவர்கள் வாதம். போன வெள்ளிக்கிழமை தூனிக்கு, அந்தந்த இடத்தில் லீகின் சிறந்தவர்களுக்குத் தரும் ஆல்-ப்ரோ கௌரவம் கிடைத்ததும் கார்ட் ஆட்டத்துக்குத்தான், அதையும் காட்டுகிறார்கள்.

நான் மறு கட்சி. வேலி நிற்கும்போது கம்பத்தைப் பிடுங்கக் கூடாது. சனிக்கிழமை, ஜனவரி 18 அன்று வரப்போகிற ஹூஸ்டன் அணியை தூனி டிசம்பர் 21 அன்று இதே இடத்தில் நின்று பார்த்துவிட்டார், 27-19 என்று ஜெயித்தோம். இந்தப் பருவத்தில் சரியாக ஆடவே முடியாதவரை, ஹூஸ்டனில் குவார்ட்டர்பேக் மேல் பாய்கிற டேனியல் ஹன்டர் முன்னால் எப்படி நிறுத்துவது? இதை நீங்கள் சொந்தக் கருத்தாகச் சொல்லிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். "தூனியை நகர்த்தினால் கார்ட் யார்?" என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார்கள்.

சனிக்கிழமை மூன்றரைக்கு ஆட்டம். மூன்று மணிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த அம்மாவும் வருவார், ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது நாங்கள்தான் போய்க் காரில் கூட்டி வருகிறோம். அவர் ஹம்ஃப்ரீஸ் கட்சி. நீங்கள் பந்தைப் பார்க்காதீர்கள், தூனியின் 62ஆம் எண்ணைப் பாருங்கள்.