மழை ஈரத்துல மலை சைக்கிள் டயர்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேஎல் புக்கிட் கியாரா மலை ட்ரெயில் பக்கம் பதினாலு வருஷமா ஓட்டறேன், விழுந்த கணக்கு ஓட்டின கணக்கை விட கொஞ்சம்தான் கம்மி. டயர் பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேக்கறீங்க, ஒரே இடத்துல கேட்டுடுங்க. எங்க மலிவுன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கு கடை கிடையாது. மழை நின்ன உடனே ட்ரெயில்ல இறங்கற ஆளுங்களுக்கு பதில் கிடையாது, திட்டு மட்டும்தான்.

பூச்சோங் பையன்: அண்ணே வணக்கம், 29 இன்ச் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) வாங்கி மூணு மாசம் ஆச்சி. காஞ்ச நாள்ல ஒண்ணும் இல்ல, மழை பேஞ்ச மறுநாள் கியாரா போனா முன் சக்கரம் வேர்ல ஏறின உடனே சறுக்கிடுது. டயர் பூ இன்னும் புதுசாதான் இருக்கு. என்ன மாத்தலாம்?

தம்பி, எல்லாரும் பூவைத்தான் பாக்கறாங்க. கடையில டயரைத் திருப்பித் திருப்பி, நாப், அதான் துருத்திக்கிட்டு நிக்கற ரப்பர் கட்டி, எவ்ளோ உயரம், நடுவுல எவ்ளோ சந்து இருக்குன்னு. சேத்துக்கு அது சரி. கியாராவுல உன்ன தூக்கிப் போடறது சேறு இல்ல, வேர். அது பழைய ரப்பர் தோட்டம், நம்ம ஆளுங்க பால் வெட்டின இடம், இன்னிக்கும் பால்மரம் நிக்குது. மழை மேல் மண்ணைக் கழுவிக் கழுவி வேரெல்லாம் வழவழன்னு வெளிய கிடக்கு. அதுல நாப் எங்க குத்தி இறங்கும்? அங்க உன்னைக் காப்பாத்தறது ரப்பரோட மிருது. மிருதுவான ரப்பர் அமுங்கினா மெதுவாத்தான் திரும்பி வரும், அந்த நேரத்துல வேரைக் கவ்விக்கும். கெட்டி ரப்பர் பந்து மாதிரி துள்ளிடும், அவ்ளோதான் கதை.

இதுல ஒரு குழி இருக்கு, நானே விழுந்தேன். ஒரே பேர்ல ஒரே பூவுல நாலஞ்சு விதமா டயர் வரும். மேக்ஸிஸ் மினியன் டிஹெச்எஃப் எடுத்துக்கோ, பீட்ல, அதான் ரிம்ல உக்கார்ற ஓரத்துல, கம்பி போட்டு 60ஏங்கற கெட்டி ரப்பர்லயும் வரும், மேக்ஸ்க்ரிப்னு நல்லா ஒட்டற ரப்பர்லயும் வரும். தூரத்துல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நான் பாதி விலைக்கு கிடைச்சிச்சேன்னு கெட்டியை வாங்கிட்டு வந்து ரெண்டாவது வாரமே மணிக்கட்டுல மாவுக்கட்டு. கடைக்காரர் "அதே டயர்தான்"னு சொன்னாரு, நானும் படிக்காம வந்துட்டேன். அதனால சொல்றேன், சைடுல இருக்கற எழுத்தைப் படி. நம்பர் குறைய குறைய ரப்பர் மிருது. ஷ்வால்பே கம்பெனியோட அடிக்ஸ் ரப்பர்ல நிறக்கோடு இருக்கும், ஊதா ரொம்ப மிருது, ஆரஞ்சு அதுக்கு அடுத்தது, நீலம் சிவப்பெல்லாம் வேகமா உருள்றதுக்கு.

உனக்கு முன் சக்கரத்துக்கு மேக்ஸிஸ் அஸ்ஸகாய் மேக்ஸ்க்ரிப், இல்ல ஷ்வால்பே மேஜிக் மேரி ஆரஞ்சு. அஸ்ஸகாய்னா ஆப்பிரிக்காவுல ஈட்டி, நம்ம கணக்குல வேல்னு வெச்சிக்கோ. பின்னாடி மேக்ஸிஸ் மினியன் டிஹெச்ஆர் 2 மேக்ஸ்டெர்ரா, அது ரெண்டுங்கெட்டான் ரப்பர், சீக்கிரம் தேயாது. இவ்ளோ மாத்தியும் வேர் மேல திருப்பினாலோ பிரேக் புடிச்சாலோ விழுவ. நேரா ஏறு, கையைத் தளர்த்து, பிரேக்கை அதுக்கு முன்னாடியே முடிச்சிடு.

செராஸ் தங்கச்சி: அண்ணா, ரெண்டு டயருக்கும் இப்ப காசு இல்ல. ஒண்ணுதான் மாத்த முடியும்னா?

முன்னாடி. யோசிக்கவே வேணாம்மா. பின் சக்கரம் சறுக்கினா சிரிச்சிட்டு ஓட்டலாம், முன்னாடி சறுக்கினா கீழதான். இப்ப முன்னாடி இருக்கறதைக் கழட்டி பின்னாடி போட்டுடு. அம்புக்குறி பாத்து மாட்டு.

கெப்போங்: டயர் அகலம் 2.4 இன்ச்சா 2.6ஆ?

2.4. ரிம் உள் அகலம் 30 மில்லி இருந்தா அதுக்கு சரியா உக்காரும். 2.6 ஈரத்துல சேத்து மேல மிதக்கும், கீழ இருக்கற கெட்டி மண்ணைத் தொடாது.

கிள்ளான்: காத்து எத்தனை பிஎஸ்ஐ வைக்கலாம் அண்ணே?

டியூப்லெஸ், 70 கிலோ ஆளு, 29 இன்ச் 2.4ன்னா முன்னாடி 20, பின்னாடி 23ல ஆரம்பிங்க. ஈரத்துல அதுல ஒண்ணு குறைக்கலாம். ரிம் கல்லுல "டங்"னு இடிச்சா ரெண்டு ஏத்துங்க. டியூப் போட்டவங்க 26க்கு கீழ போனா பாம்புக்கடி பஞ்சர்தான், ரெண்டு பல்லு பதிஞ்ச மாதிரி ஓட்டை. பம்ப்ல இருக்கற முள்ளை நம்பாதீங்க, என் வீட்ல ரெண்டு பம்ப் இருக்கு, ஒரே டயருக்கு நாலு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுது. தனியா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிடுங்க. டயரை விட மலிவு, டயரை விட உபயோகம்.

சுங்கை பூலோ: அண்ணே 75 கிலோ, எவ்வளவு காத்து?

கிள்ளானுக்குச் சொன்னதுல ஒண்ணு கூட்டிக்குங்க.

ஆயர் ஈத்தாம்: நீங்க கேஎல் ஆளுங்க எப்பவும் அஸ்ஸகாய் அஸ்ஸகாய்தான். பினாங்கு வந்து பாருங்க. நான் முன்னாடி பின்னாடி ரெண்டும் ஷார்ட்டி போட்டிருக்கேன், முள்ளு டயர்தான் மழைக்கு ராஜா.

மச்சான், கொடிமலையில இருந்து எப்படி இறங்குறீங்க? தண்ணீர்மலை பக்கம் வந்து முடியற ஜீப் ரோடுதானே? அது கான்கிரீட்டும் தாரும், நிழல்ல பாசி வேற. ஷார்ட்டியோட உயர நாப் கெட்டியான இடத்துல வளைஞ்சு மடங்கும், தரையைத் தொடற ரப்பரும் கம்மி. அந்த செங்குத்துல அதைப் போட்டு இறங்குறது நீங்களா உங்களுக்கு வெச்சிக்கற வேட்டு. அப்புறம் பினாங்குத் தீவு முழுக்க கருங்கல் மலை, அதுல மக்கி வர்ற மண்ணு மணல் கலந்தது, தண்ணி சீக்கிரம் இறங்கிடும். அங்க முள்ளுக்கு என்ன வேலை?

ஆயர் ஈத்தாம்: பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்துக்குள்ள வந்ததே இல்லியா நீங்க? அக்டோபர் மாசம் வாங்க, முட்டி வரைக்கும் சேறு.

வந்திருக்கேன். அது நியாயம், ஒத்துக்கறேன். ஆழமா இளகின சேத்துல முள்ளுதான் கீழ வரைக்கும் இறங்கிப் பிடிக்கும், சந்து அகலமா இருக்கறதால சேத்தையும் உதறிடும். கியாரா செம்மண்ணு மாவு மாதிரி ஒட்டும், நெருக்கமான பூ போட்டா அஞ்சு நிமிஷத்துல டயர் டோனட் ஆயிடும், அதுவும் உண்மை. ஆனா உங்க வீட்ல இருந்து தோட்டத்துக்குப் போறது ரோட்டுலதானே?

ரவாங் பெரியவர்: குறுக்க வரேன் தம்பி. நான் 22 வருஷம் பால் வெட்டினவன். காலங்காத்தால பெரட்டு, அதான் ஆள் கணக்கெடுக்கறது, முடிஞ்சி இருட்டுல ஈர மண்ணுல ரெண்டு பக்கமும் பால் வாளி மாட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டியிருக்கோம், மொட்டை டயர்தான். காத்தைக் கொஞ்சம் எறக்கி விட்டுக்குவோம், வேர் வந்தா நேரா ஏத்துவோம். யாரும் முன்னூறு வெள்ளி டயர் போடல.

அங்கிள், நீங்க மூணு வரியில சொன்னதைத்தான் நான் மூணு பத்தியா எழுதியிருக்கேன். காத்தும் நேரா ஏறறதும்தான் பாதி வேலை. ஆனா நீங்க வாளியோட மெதுவா போனீங்க, இந்தப் பசங்க அதே வேர்ல பறந்து வர்றானுங்க.

ரவாங் பெரியவர்: என் பேரன் டயர்ல வெள்ளையா ஒரு தண்ணி ஊத்தறான், மூடியைத் திறந்தா அப்படியே எங்க தோட்டத்து பால் ஸ்டோர் வாசம்!

அதே வாசம்தான் அங்கிள்! நிறைய சீலன்ட்ல இருக்கறது மரத்துப் பாலுதான், உறைஞ்சு போகாம இருக்க அமோனியா கலப்பாங்க, ஸ்டோர்ல நீங்க பாலுக்கு ஊத்தின அதே சாமான். ஓட்டை வழியா வெளிய வந்து காத்து பட்டா உறைஞ்சு அடைச்சிடும், பால் புடிக்கற மங்குல ஒட்டிக்கிட்டு நிக்குமே அந்த ஒட்டுப்பால் மாதிரி. நீங்க வெட்டினதைத்தான் பேரன் பாட்டில்ல காசு குடுத்து வாங்கறான்.

ஆயர் ஈத்தாம்: சரி விடுங்க. முன்னாடி மட்டும் ஷார்ட்டி, பின்னாடி வேற?

ஜீப் ரோட்டுல முன் சக்கரத்துக்குத்தான் மச்சான் அது கூடவே கூடாது. தோட்டத்துக்கு கார்ல சைக்கிளை ஏத்திட்டுப் போனா போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல.

சுபாங்: சீலன்ட் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஊத்தணும்?

நம்ம சூட்டுக்கு ரெண்டு மாசத்துல ஒரு தடவை பாருங்க. சக்கரத்தைக் காது கிட்ட வெச்சி ஆட்டுங்க, சளக் சளக்னு கேக்கலைன்னா காஞ்சிடுச்சி. பாட்டில்ல ஆறு மாசம்னு போட்டிருந்தா அது குளிர் நாட்டுக்கு. அந்த ஊர்க்காரங்க எழுதற டயர் ரிவ்யூவும் அப்படித்தான், குளிர்ல ரப்பர் விறைக்கும், இங்க விறைக்காது, அவங்க கெட்டின்னு திட்டற டயர் சிலது நம்ம ஊர்ல பரவாயில்லாம இருக்கும்.

ஷா ஆலம்: கிராவல் பைக்குக்கு டயர் சொல்லுங்க அண்ணே.

என் ஏரியா இல்ல. அதை ஓட்டறவங்ககிட்ட கேளுங்க.

அம்பாங்: சேறு வாயில மூக்குல போச்சி, பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். எலி மூத்திரக் காய்ச்சல் சேத்துத் தண்ணியில இருந்துதான் வருது, புண்ணு வழியாவும் ஏறும். 2000ல சபாவுல ஒரு சாகசப் பந்தயம் நடந்து நிறைய பேருக்கு ஒரே நேரத்துல வந்திருக்கு. பாட்டில் வாயைத் துடைச்சிட்டுக் குடிங்க, ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட சேத்துல ஓட்டினதைச் சொல்லுங்க.

டாமன்சாரா: 68 கிலோ. ஈரத்துக்கு எத்தனை பிஎஸ்ஐ?

மேல இருக்கு. கிள்ளான். படிங்க லா.

பூச்சோங் பையன்: அண்ணே கடையிலதான் நிக்கறேன். மேக்ஸிஸ் போட்டிருக்கு, பூவும் நீங்க சொன்ன மாதிரியே, நூறு வெள்ளி கம்மி. எடுத்துடவா?

சைடுல என்ன எழுதியிருக்கு?

பூச்சோங் பையன்: 60ஏ.

வெச்சிட்டு வெளிய வா.