அப்பா கடலுக்குப் போனதும் வரும் வயிற்றுவலி

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் இரண்டாம் வகுப்பு. அவன் அப்பா விசைப்படகில் தங்கல் (கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்க) போகிறவர், திரும்பி வர பத்துப் பதினைந்து நாளாகும். காலையில் யூனிபார்ம் போட்டதும் வயிறு வலிக்குது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். வகுப்பில் கவனமே இல்லை, ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறா என்று பாருங்கள் என்கிறார் டீச்சர். என்ன செய்வது?"

ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்திருப்பாரே, அந்த இரண்டு மாதமும் பையன் பள்ளிக்கு எப்படிப் போனான்? முதலில் இதை யோசித்துப் பாருங்கள். ஏடிஎச்டி தடைக்காலம் பார்த்து விலகி நிற்காது. வகுப்பு, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது 6 மாதமாவது தொடர்ந்து இருக்கும். படகு போனால் வருகிறது, கரை சேர்ந்தால் போய்விடுகிறது என்றால் நான் பயத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பயந்த பிள்ளையின் கண் கரும்பலகையில் இருக்கும், மனசு கடலில் கிடக்கும். பயமும் ஏடிஎச்டியும் சேர்ந்தும் வரலாம். அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது இவன் பிறந்தேயிருக்க மாட்டான். ஆனாலும் காற்று கொஞ்சம் மாறினால் வீட்டில் பேச்சு தாழ்வதையும், நீங்கள் போனையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்துத்தானே வளர்கிறான்.

அந்த வலி நடிப்பல்ல. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. ரத்தம் தசைகளுக்குப் போகிறது, வயிற்றின் வேலை குழம்பி வலிக்கிறது. "சும்மா நடிக்காதே" என்றால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, "பயம் எங்கே இருக்கு மக்களே, வயித்திலயா, தொண்டையிலயா?" என்று கேளுங்கள். பயத்துக்கு ஒரு பெயரும் இடமும் கிடைத்தாலே பிள்ளைக்குப் பிடி கிடைத்த மாதிரி.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்: படகில் எத்தனை பேர், யார் யார், வயர்லெஸ்ஸில் எப்படிப் பேசிக்கொள்வார்கள். காலண்டரில் திரும்பும் நாள் என்று ஒரே தேதியை வட்டமிட வேண்டாம், ஒரு நாள் தள்ளினாலும் பையன் உடைந்துபோவான். "இந்த ஒரு வாரத்துக்குள்ள வருவார்" என்று ஏழு கட்டத்துக்கும் நிறம் அடிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம் பயத்தைப் பற்றிப் பேசும் நேரம். பகலில் கேட்டால், "அதை சாயங்காலத்துக்கு எடுத்து வை" எனலாம். அப்போதே மூச்சுப் பயிற்சியும்: மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட வேண்டும். அமைதியாக இருக்கும்போது பழகினால்தான் பயத்தில் கைகொடுக்கும்.

பள்ளிக்கு மட்டும் லீவு போட விடாதீர்கள். தங்கிவிட்டால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் இரட்டிப்பு. தாமதமானாலும் சரி, போகட்டும். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைக்கக் கேளுங்கள்.

காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்தில் எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம் இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அதெல்லாம் இல்லாமல் மூன்று நான்கு வாரமாகியும் குறையவில்லை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 எந்நேரமும் இலவசம். மருத்துவரிடம் போகும்போது, எந்தெந்தக் காலையில் வலித்தது, அன்று அப்பா கடலிலா கரையிலா என்று தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டையும் கொண்டுபோங்கள்.