மின்காருக்குக் குளிர்கால டயர்: கேள்வி பதில்

கனடாவில் முதன்முறையாக மின்கார் வாங்கியவர்கள், பனிக்காலத்துக்கு முன் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

ஸ்காபரோவிலிருந்து: அண்ணா, என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் மோட்டார் விசை போகிறது. காருடன் வந்த ஆல் சீசன் டயர் போதாதா?

போதாது தம்பி. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். மின்காரில் எடை வேறு கூடுதல். அந்த எடை பனியில் பிடிப்பைத் தரும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. சறுக்கும்போது அத்தனை எடையையும் நிறுத்தியாக வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

மொன்றியலிலிருந்து: ஆல் வெதர் டயரை, அதாவது பனிக்கும் ஏற்றதாகச் செய்து ஆண்டு முழுவதும் ஓட்ட விற்கும் டயரை, கியூபெக் சட்டம் ஏற்குமா?

மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் டயரின் பக்கவாட்டில் இருந்தால் ஏற்கும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்தச் சின்னம் கட்டாயம். ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. ஆனால் சட்டத்துக்குப் போதுமானது உங்கள் தெருவின் பனிக்கட்டிக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். மொன்றியல் குளிருக்கு நான் முழுமையான குளிர்கால டயரையே சொல்வேன்.

பிராம்டனிலிருந்து: ‘மின்காருக்கானது’ என்று அச்சிட்ட டயர்தான் வேண்டுமா? விலை அதிகமாக இருக்கிறதே.

அந்த முத்திரை கட்டாயமில்லை. பார்க்க வேண்டியது சுமைக் குறியீட்டு எண், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளையும் கார்க் கையேட்டையும் பாருங்கள்; அங்கே கேட்டிருப்பதைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். சில டயர்களுக்குள் இரைச்சலைக் குறைக்க நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பார்கள். அது சொகுசு, அவ்வளவே. மிச்சமாகும் பணத்தில் சிறிய ரிம் வாங்கலாம்: 20 அங்குலத்துக்குப் பதில் 18 என்றால் டயர் விலையும் குறையும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் சாலைக்குழியில் ரிம் நசுங்கும் வாய்ப்பும் குறையும். பிரேக்கில் இடிக்காமல் ரிம் பொருந்துகிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து: குளிர்கால டயர் போட்டால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையுமா, அக்காமார் பயமுறுத்துகிறார்கள்!

குறையும். ஆனால் பெரும்பங்கு இழப்பு குளிராலும் ஹீட்டராலும் வருவது. டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. டயரின் காற்றழுத்தம் இறங்கினாலும் தூரம் குறையும், அதைக் கவனியுங்கள்: வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும்.

உங்கள் கார் பின்சக்கர இயக்கம் என்றால் இன்னொன்று. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் அல்லவா, வழுக்கும் சாலையில் அந்த இழுப்பு பின்பக்கத்தைச் சறுக்கவிடலாம். காரின் செட்டிங்ஸில் மாற்ற முடிந்தால் அதைக் குறைத்து வையுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து மறுபடியும்: எப்போது மாற்றுவது?

அக்டோபர் கடைசியில். முதல் பனி விழுந்த பிறகு போனால் கடையில் இடம் கிடைக்காது. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றாரியோவில் குளிர்கால டயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால், ஜாக்கியைக் குறித்த இடத்தில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.