சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதில் மூலிகை போதுமா?

சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்து பெருகுவதுதான் சிறுநீர்த் தொற்று. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும்.

மூலிகை வகையில் ஓரளவு நல்ல சான்று உள்ளது கிரான்பெரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்துக்கு. அதிலுள்ள ஒரு பொருள் கிருமியைச் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டவிடாது. எண்ணெய் பூசிய சுவரில் சுவரொட்டி ஒட்டாது அல்லவா, அதுபோல. ஆனால் ஏற்கனவே ஒட்டிக் காய்ந்ததை அந்த எண்ணெய் கழற்றாது. அதனால் அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அடுத்தது வராமல் தடுக்க உதவலாம், வந்ததைக் குணமாக்காது. கர்ப்பிணிகள் தயவுசெய்து கைவைத்தியத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், சிறுநீர் கழிக்கும்போது வரும் எரிச்சல் அடங்கினாலே தொற்று போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி வந்தால் கிருமி சிறுநீரகம்வரை போயிருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.