ஏழில் விழுந்த எண்கள்

கேள்வி: ஐயா, கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை போடுகிறேன். 381654729 போல இன்னொரு எண்ணே கிடையாது என்கிறான் பேரன். நிஜமா?

பதில்: நிஜம்தான். 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால்... இப்படியே கடைசி வரை மீதியே வராது. இப்படி ஒன்றே ஒன்றுதான்.

குன்னூரில் நேற்று சாயங்காலம் கரண்ட் இல்லை, வெளியே மூடுபனி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மளிகை ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் இடத்தில் 5-ஐத் தவிர வேறெதற்கும் வழியில்லை. இரட்டை இடங்களில் இரட்டை எண்கள்தான். நான்காம், எட்டாம் இடங்களுக்கு 2-ம் 6-ம் போய்விடும். நடு மூன்று இலக்கம் 258 அல்லது 654. ஒன்பதால் வகுபடுமா என்ற கவலையே வேண்டாம், இலக்கங்களின் கூட்டுத்தொகை எப்படியும் 45.

ஏழால் வகுப்பதை மட்டும் கடைசிக்கு வைத்து, சலித்துச் சலித்து மிஞ்சியவை பத்தே எண்கள். அதில் 987654321-ம் ஒன்று! ஜெயித்துவிடும் என்றே நினைத்தேன். 9876543-ஐ ஏழால் வகுத்தால் 5 மீதி, போச்சு. ஏழைத் தாண்டியது பேரன் சொன்னது மட்டும்தான்.

கடைசியில் ஒரு பூஜ்ஜியம் சேர்க்கச் சொல்லுங்கள், பத்தாலும் வகுபடும்.