பாலிசி வாங்கும் நாளில் மாமியார் எப்படி இருந்தார்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு நான், கணவர், 14 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள் என நால்வருக்கு மண்ணடியில் ஓர் ஏஜென்ட்டிடம் பதிவு செய்தோம். மொத்தம் 3,20,000 ரூபாய். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பாக்கியை நவம்பர் 10-க்குள் கட்ட வேண்டும். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. 45 நாளுக்கு முன் ரத்து செய்தால் 25 சதவீதம், 44 முதல் 15 நாளுக்குள் 50 சதவீதம், அதற்குப் பிறகு முழுத் தொகையும் பிடித்தம் என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறது. எங்களுடன் இருக்கும் 68 வயது மாமியாருக்குப் போன வருடம் கல்லீரல் சுருக்கம் என்று கண்டுபிடித்தார்கள். ஜூனிலிருந்து இரண்டு முறை வயிற்றில் நீர் கோத்து ஸ்டான்லியில் அட்மிட் ஆனார். நாத்தனார் ஐந்து நாள்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். கணவருக்கும் எனக்கும் தினம் சண்டை. ஏஜென்ட்டோ, "இன்ஷூரன்ஸ் எடுங்க, எல்லாம் வந்துடும். நோய் இருக்கான்னு கேட்டா ‘இல்லை’னு போடுங்க, போறவங்களுக்குத்தான் அந்தக் கேள்வி" என்கிறார். முதல் அட்வான்ஸ் கட்டிய சில வாரங்களுக்குள் வாங்கினால் பழைய நோய்க்கும் பணம் உண்டு என்று அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொல்கிறான். எந்த பாலிசியை எடுப்பது?

பதில்: நாத்தனார் பார்த்துக்கொள்ள மறுப்பதை எந்த பாலிசியும் ரத்துக் காரணமாக ஏற்காது. குடும்பச் சண்டையையும் ஏஜென்ட்டின் பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: ஜூனிலிருந்து இரண்டு முறை அட்மிட் ஆனார். நீங்கள் பாலிசி வாங்கும் நாளில் அந்த நோய் இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். பயணத்தை ரத்து செய்யும் நாளில் அவர் எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை வைத்து க்ளெய்ம் நிற்காது. வாங்கிய நாளில் எப்படி இருந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி சரி. பாலிசிக்கு விண்ணப்பிக்கும் பல ப்ரொபோசல் பாரங்களில் நோய் பற்றிய கேள்வி பயணம் செய்பவரைப் பற்றியதுதான். மாமியாரைப் பற்றிக் கேட்கவே இல்லையென்றால் நீங்கள் மறைத்ததாகச் சொல்வது கம்பெனிக்குச் சுலபமில்லை. ஆனால் கம்பெனி அந்த வழியில் வராது. விலக்குகள் என்ற பகுதியைத் திறக்கும். பயணியோ அவரது குடும்ப உறுப்பினரோ ஏற்கெனவே கொண்டிருந்த நோயால் நேரடியாகவோ மறைமுகமாகவோ வரும் இழப்புக்குப் பணம் கிடையாது என்று அங்கே இருக்கும். ரத்துக்குக் காரணமாகக்கூடிய ஒரு நிலைமை வாங்கும்போதே தெரிந்திருந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரியும் பல பாலிசிகளில் உண்டு. மறைத்தால் பாலிசியே போகும். மறைக்காவிட்டாலும் இந்த விலக்கு அப்படியே இருக்கும். ‘இல்லை’ என்று டிக் செய்வதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை; நாளைக்கு உங்கள் கையெழுத்துள்ள ஒரு பொய் மட்டும் மிஞ்சும். பாரத்தை நிரப்பியது ஏஜென்ட் என்று சொல்லித் தப்ப முடியாது.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மன்மோகன் நந்தா வழக்கில் பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்த வழக்கு வேறு. அங்கே பயணி தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லியிருந்தார், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே பாலிசி கொடுத்தார்கள். அமெரிக்கா போய் இறங்கியதும் அவருக்கே மாரடைப்பு வந்தது. தெரிந்தே ஏற்ற ஆபத்திலிருந்து கம்பெனி பின்வாங்க முடியாது என்பதுதான் தீர்ப்பு. உங்கள் மாமியார் பயணி இல்லை, அவர் நோயை எந்தக் கம்பெனியும் பரிசோதித்து ஏற்கவில்லை.

வழக்குக்காக என்னிடம் வருபவர்கள் தொடர்ந்து விழும் முதல் குழி டிஸ்சார்ஜ் சம்மரி. மாமியாருக்கு நவம்பரில் ரத்த வாந்தி வந்து அட்மிட் ஆகிறார் என்று வையுங்கள். அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் கேட்பார், கூட இருப்பவர் சொல்வார், "கே/சி/ஓ" (ஏற்கெனவே தெரிந்த நோய்) என்று தொடங்கி ‘ஒரு வருடமாகக் கல்லீரல் சுருக்கம்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். வைத்தியத்துக்கு அந்த வரி அவசியம், அதில் தவறு ஒன்றுமில்லை. க்ளெய்மை அதே வரிதான் முடிக்கும். ரத்த வாந்தி புதிதாக வந்தது என்று வாதாட முடியாது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பது அந்த நோயின் விளைவு. வயிற்றில் கோத்த நீரில் தொற்று, நினைவு தடுமாற்றம் எல்லாம் அப்படித்தான். பிறகு சிலர் பழகிய டாக்டரிடம் போய், ‘நோய் இப்போதுதான் தெரிந்தது’ என்று புதிய சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். கம்பெனியின் ஆள் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவுக்கு நேரே போய்ப் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துவிடுவார். அதோடு அது காப்பீட்டுத் தகராறாக இருக்காது. போலி ஆவணம் என்ற கிரிமினல் விவகாரமாக மாறும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது குழி, யாருக்கு யார் உறவு என்பது. உங்கள் கணவருக்கு அவர் தாய், உங்களுக்கு மாமியார், பிள்ளைகளுக்குப் பாட்டி. ‘நெருங்கிய குடும்ப உறுப்பினர்’ என்பதற்குக் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று மட்டும் அர்த்தம் எழுதிய பாலிசிகள் பல. மாமனார் மாமியாரைச் சிலது சேர்க்கும், சிலது சேர்க்காது. பாட்டி தாத்தா பெரும்பாலும் வெளியே. ஆக நான்கு டிக்கெட்டில் கணவருடைய ஒன்றுக்கு மட்டும் பணம் வந்து, மூன்று டிக்கெட் கைவிட்டுப் போகலாம். உடன் பயணிப்பவர் ரத்து செய்தால் உங்களுக்கும் உண்டா, அந்த உடன் பயணி அதே பாலிசியில் இருக்க வேண்டுமா என்று தனியாகப் படியுங்கள்.

மூன்றாவது, காத்திருப்பது. கப்பல் கிளம்ப 50 நாள் இருக்கும்போது மாமியார் அட்மிட் ஆகிறார் என்று வையுங்கள். ‘சரியாகிவிடும், பார்க்கலாம்’ என்று கிளம்பப் பத்து நாள் இருக்கும்வரை குடும்பம் நாளைக் கடத்துகிறது. பிடித்தம் அப்போது 3,20,000. கம்பெனியோ, அட்மிட் ஆன அன்றே ரத்து செய்திருந்தால் 80,000தானே, அதற்கு மேல் தர மாட்டோம் என்று சொல்லும். பாலிசியில் அந்த வரி இருந்தால் அது சரியான வாதம். ரத்து செய்வதற்கு முன் தேதியிட்ட டாக்டர் கடிதம் வேண்டும் என்பதும் இங்கேதான் வரும். பிறகு வாங்கிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

தம்பி சொல்வது அமெரிக்காவில் உண்மை. முதல் அட்வான்ஸ் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்கினால் பழைய நோய் விலக்கைத் தளர்த்தும் பாலிசிகள் அங்கே உண்டு. காரணமே சொல்லாமல் ரத்து செய்து 50 முதல் 75 சதவீதம் பெறும் கூடுதல் பிரிவும் உண்டு. அவை அங்கே குடியிருப்பவர்களுக்கு விற்பவை. அதே போன்ற பெயரை இங்கே விளம்பரத்தில் பார்த்தால், பெயரை நம்பாமல் சதவீதத்தையும் கெடுவையும் பாருங்கள்.

அப்படியானால் வாங்கவே வேண்டாமா? பயணம் போவதாக இருந்தால் வாங்குங்கள், மாமியாரின் கல்லீரலுக்காக அல்ல. உங்கள் நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல், விபத்து, வெளிநாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு இவற்றுக்கு அது உதவும். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு காரணம், அதற்கு வாதாட இடமுண்டு. தேர்வு செய்யும்போது பிரீமியத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பாலிசி வாசகத்தை முழுவதுமாக வாங்கிப் படித்துவிட்டு, கம்பெனிக்கு மெயிலில் கேளுங்கள்: பயணம் செய்யாத மாமியாருக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கிறது, அதன் காரணமாக ரத்து செய்தால் பணம் உண்டா, மாமியாரும் பாட்டியும் உறவு வரையறையில் வருகிறார்களா, எத்தனை மணிநேர அட்மிஷன் தேவை, ஆளுக்கு வரம்பு எவ்வளவு. பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் கிடைக்கும் "கண்டிப்பா வரும் மேடம்" உதவாது. வரம்பைக் கவனியுங்கள்: ரத்துக்கு ஆளுக்கு 500 டாலர் என்றிருந்தால் நால்வருக்கு 2,000 டாலர்தான், உங்கள் 3,20,000 ரூபாய்க்கு அது ஈடாகாது. பயணத் தொகையோடு அரசுக்காக ஏஜென்ட் பிடிக்கும் டிசிஎஸ் வரியையும் க்ளெய்மில் சேர்க்காதீர்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

க்ளெய்மை மறுத்தால் கம்பெனியின் குறைதீர் பிரிவு, பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அல்லது வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்பதுதான் வரிசை. ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது அதே புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆனால் விலக்குப் பகுதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எங்கே போனாலும் உங்கள் கேஸ் பலவீனமானதுதான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஏஜென்ட்டோடு சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இப்போது ரத்து செய்தால் ரசீதுப்படி 80,000 போகும், 20,000 திரும்பும். பாக்கி 2,20,000-ஐக் கட்டிவிட்டு டிசம்பரில் ரத்து செய்தால் குறைந்தது 1,60,000 போகும். முதலில் கோடை விடுமுறைக்குத் தேதி மாற்ற முடியுமா, வேறொரு குடும்பத்தின் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கப்பல் கம்பெனி இந்த ரத்துக்காகத் தன்னிடம் எவ்வளவு பிடித்தது என்ற ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, நியாயமான இழப்பீட்டைத்தான் அவர் எடுக்கலாம். அந்த ஒரு கேள்விக்கே பல ஏஜென்ட்டுகள் இறங்கி வருவார்கள். 40,000, 50,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கமாகத் தராமல் கிரெடிட் நோட் தந்தால், அதில் எந்தத் தேதிவரை செல்லும், வேறு பெயருக்கு மாற்றலாமா என்று எழுதியிருக்க வேண்டும். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போடவும் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், 80,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

விமான டிக்கெட்டை இந்தப் பேச்சு முடியும்வரை எடுக்காதீர்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். கப்பல் கிளம்ப 45 நாள் என்பது நவம்பர் 11. பாக்கித் தேதி அதற்கு முந்தின நாள். ரத்துக் கடிதமோ தேதி மாற்றக் கோரிக்கையோ ஏஜென்ட்டின் மெயிலுக்கு நவம்பர் 5-க்குள் போயிருக்க வேண்டும், அதன் நகல் ஒன்று பதிவுத் தபாலில்.